இடுப்பு மடிப்பில் ஒரு சாவி

கார் யாரையோ கண்டு கும்பிட்டது.

வினோஜன் அந்த நேரத்தில் காரிலிருந்து இருபது அடி தள்ளி நின்றான். லிந்துலை ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் பிரிகிற முடக்கு அது. டர்பன்டைன் மரத்து வேரில் ஒரு காலும் வாய்க்கால் கட்டில் ஒரு காலுமாக நின்று, சவர பிளேடால் நைலோன் கயிறு அறுத்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பினான். காரின் மஞ்சள் விளக்குகள் இரண்டு தடவை மினுங்கின. மடங்கியிருந்த இரண்டு பக்கக் கண்ணாடிகளும், தூங்கி எழுந்த மாடு காதை விரிப்பதுபோல, மெதுவாக விரிந்தன.

பூட்டிக் கிடக்கிற அந்தக் கார், தன்னுடைய சாவி பக்கத்தில் வந்தால் மட்டும் செய்கிற மரியாதை அது. சாவியைத் துளையில் போட்டுத் திருகுகிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. சாவி பையில் இருந்தால் போதும். கிட்டப் போனால் தெரிந்துகொள்ளும், கைப்பிடியைத் தொட்டால் திறக்கும், உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் கிளம்பும். ஆனால் கிட்ட என்றால் மூன்று அடி. வினோஜன் காற்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது. இருபது அடி என்பது அந்தச் சாவிக்கு வேறு ஊர்.

காருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் பள்ளத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி முதலில் ஆற்றையும் பிறகு பெக்டரிக் கூரையையும் பிறகு தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாகவும் விழுங்கிவிட்டு, இப்போது ரோட்டோரத்தில் நின்று அடுத்தது எது என்று யோசித்துக்கொண்டிருந்தது. கொழுந்து வாடுகிற மணமும் ஈர மண் மணமும் கலந்து வந்தன. எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

பற்றரி பிழை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். படித்தவன் பயந்தால் முதலில் பற்றரியைத்தான் குறை சொல்வான்.

திரும்பவும் பிளேடைப் பிடித்தான். வேலை முடியவில்லை. அவன் மரத்திலிருந்து அறுத்து இறக்கிக்கொண்டிருந்தது அவனுடைய அப்பாவை.

ஆறடிக்கு மூன்றடி பெனர். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே அமரர் ஆண்டியப்பன் என்று பெயர். நடுவில் அவருடைய படம்: காக்கிச் சட்டை, கட்டம் போட்ட சாரம், தோளில் துடைக்கிற துணி, வலது கை காரின் பொனட் மேல். வாயில் மிச்சமிருந்த பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறார். காரின் நம்பரும் பிழையில்லாமல் வாசிக்கலாம். தங்கச்சி நிலக்ஷி போனில் எடுத்த படம். அப்பா சிரித்து எடுத்த ஒரே படம் இதுதான் என்று அதையே கொடுத்து அடித்து, தோட்டத்து ரோட்டில் மூன்று இடத்தில் கட்டியிருந்தாள். நாளைக்குக் கருமாதி.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு முத்துலிங்கம் சேரும் வருகிறார்.

முத்துலிங்கம் சேர் கொழும்பில் வினோஜனின் முகாமையாளர். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் வட்ஸ்அப்பில் கை கூப்பின படம் ஒன்று அனுப்பிவிட்டு விட்டிருப்பார். செத்த வீட்டுக்கு வர முடியவில்லையே என்று அவருக்குப் பதினைந்து நாளாக மனது கேட்கவில்லை. "உங்கட அப்பா எவ்வளவு பெரிய மனிசன், கருமாதிக்காவது வராட்டி என்ன மரியாதை" என்றார்.

பெரிய மனிசன் என்றால் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். அந்த வேலையை அப்பாவுக்குக் கொடுத்தது வினோஜன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நேர்முகப் பரீட்சையில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "தோட்டத்தில..." என்று தொடங்கினான். "கிளாக்கரா?" என்றார்கள். தலையை ஒரு அங்குலம் அசைத்தான். அந்த ஒரு அங்குலத்தின் மேல் மெல்ல மெல்ல வீடு கட்டினான். அஸ்பெஸ்டஸ் போட்ட குவாட்டர்ஸ், முற்றத்தில் ரோசாச் செடி, போன வருடம் ஒரு பதவி உயர்வு. அப்பா மட்டும் அந்த உயர்வை அறியாமல், துரை பங்களாவில் முப்பத்திரண்டு வருடம் கார் கழுவி ஓய்ந்த கையோடு, தொழிலாளர் லயத்து வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் பெனரை இறக்குகிறான். லயத்துக்கு சேரைக் கூட்டிக்கொண்டு போகாமல் கோயில் மண்டபத்திலேயே சாப்பாட்டை வைத்து அனுப்பிவிடலாம். அப்பாவின் இருபத்தெட்டு வயது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கோட்டும்கூட வரைந்து வாங்கி வந்திருந்தான். இந்த மூன்று பெனரும் போய்விட்டால் போதும். நிலக்ஷியிடம் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கயிறு அறுந்தது. அப்பா பார்த்திருந்தால் அதற்குத்தான் முதலில் ஏசியிருப்பார். அவர் வாழ்நாளில் ஒரு கயிற்றையும் அறுத்ததில்லை. எந்த முடிச்சானாலும் நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்ப்பார். வினோஜன் பெனரை முகம் உள்ளே வரும்படி சுருட்டினான். சுருட்டுகிறபோது அப்பாவின் கன்னத்தில் மழைத்தண்ணி நின்றது. கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் சுருட்டினான். அப்படி ஒரு பாசமான திருடன்.

டிக்கியைத் திறந்து சுருளை உள்ளே வைத்தான். அங்கே மடித்து வைத்திருந்த பொலித்தீன் விரிப்பு அவன் கையில் பட்டது. சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான்.

கார் வாங்கி முதல் தடவை தோட்டத்துக்கு வந்த அன்று அப்பாவை ஏற்றினான். ஏற்றுவதற்கு முன் பின் சீட்டில் அந்தப் பொலித்தீனை விரித்தான். "சீட்டு அழுக்காயிரும்பா" என்றான். அப்பா சரி என்று தலையாட்டி, டாக்டரைப் பார்க்க வந்தவர்போல் ஓரத்தில் குந்தினார். அசையும்போதெல்லாம் பொலித்தீன் சரசரத்தது. அந்தச் சத்தத்துக்காக அவர் அசையாமல் இருந்ததை வினோஜன் கண்ணாடியில் பார்த்தான். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

அதற்குப் பரிகாரமோ என்னவோ, காரோடு வந்த இரண்டாவது சாவியை அவரிடம் கொடுத்தான். கொழும்பில் தொலைந்துவிடும், நீங்களே வைத்திருங்கள் என்றான். அப்பா அதைச் சாரத்து மடிப்பில் செருகினார். அதற்குப் பிறகு குளிக்கப் போனால்கூட அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குளித்து வந்ததும் மறுபடி மடிப்புக்குள் செருகிக்கொள்வார். வினோஜன் வந்து லயத்து வாசலில் கார் நிற்கிற நாட்களில், பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து சும்மா காருக்குக் கிட்டப் போவார். கார் கண்ணாடியை விரிக்கும். அப்பா பதிலுக்கு ஒரு சலாம் போடுவார்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு கேட்பாள்: "என்னாண்ணே, காரு ஒங்களுக்கு வணக்கம் வைக்குதா?"

"வைக்காம? முப்பத்திரெண்டு வருசம் நான் வச்சேன்ல. இப்ப அது வைக்குது."

ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த கார். பொத்தானை அமுக்கியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பான் பாசையில் ஏதோ சொல்வாள். என்னவென்று இலங்கையில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் பின் சீட்டிலிருந்து மெதுவாகப் பதில் சொல்வார். "சரிம்மா."

இரண்டாவது பெனர் பாலத்தடியில். அதற்குள் ஹெட்லைட் போட வேண்டியதாகிவிட்டது. வெளிச்சம் பனிக்குள் ஆறடி போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்தி, பூட்டுவதற்காகக் கைப்பிடியைத் தொட்டான்.

பீப், பீப், பீப், பீப்.

பூட்டவில்லை. மறுபடி தொட்டான். மறுபடி அதே சத்தம். இந்தக் கார் ஒரு விசயத்துக்குத்தான் அப்படி அழும்: சாவியை உள்ளே விட்டுவிட்டுப் பூட்டப் பார்த்தால். வினோஜன் பையிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்தான். 'இதோ, வெளியில்தானே இருக்கிறது' என்று காருக்குக் காட்டினான். ஒரு உதவி முகாமையாளர் நடு ரோட்டில் காரோடு வழக்காடுவதை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தான். முன் சீட்டில் அவனுடைய குடை. பின் சீட்டில் ஒன்றுமில்லை. கண்ணாடியில் மூச்சுப் படிந்திருந்தது, அவ்வளவுதான். தன்னுடைய மூச்சு என்று நினைத்தான். பின்பக்கக் கண்ணாடியில் தன் மூச்சு எப்படிப் படியும் என்று நினைக்கவில்லை.

பூட்டாமலே போனான். பெனர் பாலத்துக் கம்பியில் தாழக் கட்டியிருந்தது. அறுக்கிறபோது புல் வழுக்கி, முழங்கால் வரை வாய்க்காலுக்குள் போய், உட்கார்ந்து எழும்பினான். காற்சட்டையின் பின்பக்கம் முழுக்கச் சேறு. பிளேடும் போய்விட்டது. நல்லவேளை, கடைசிக் கயிறு ஏற்கெனவே அறுந்திருந்தது. சுருட்டிக்கொண்டு வந்து பின் கதவைத் திறந்து சீட்டில் எறிந்துவிட்டு, சேற்றோடு முன்னால் ஏறி உட்கார்ந்தான். சீட்டு நாசம். தனக்குப் பொலித்தீன் விரிக்க ஆளில்லை என்று ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது.

பொத்தானை அமுக்கினான். கார் கிளம்பியது. அந்தப் பெண் பேசினாள். அவன் பாலத்தைத் தாண்டினான்.

பாலத்தைத் தாண்டினால் தேயிலைக்குள் ஏற்றம். மெதுவாகப் போனால் இந்தக் கார் சத்தமே போடாது. பற்றரியில் ஓடும்போது சக்கரத்துக்கடியில் கல் நொறுங்குவது மட்டும்தான் கேட்கும். ஜன்னல்கள் மூடியிருந்தன. ஆனாலும் உள்ளே ஈர மண் மணத்தது. காற்சட்டைச் சேற்றிலிருந்து என்று நினைத்தான். சேற்றுக்கு இந்த மணம் இல்லை. இது ஆழத்து மண். புதிதாக வெட்டி மேலே போட்ட செம்மண். அதோடு சுருட்டு. அதோடு, எப்படியோ, கார் கழுவுகிற சவர்க்காரம்.

சவர்க்கார மணம் வந்ததும் தலவாக்கலை ஞாபகம் வந்தது. அதை அவன் யாருக்கும் சொன்னதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறபோது, தலவாக்கலைக் கடை ஒன்றின் முன்னால் தேத்தண்ணிக்கு நிறுத்தினான். அப்பா சும்மா இருக்க மாட்டாதவர். தோள் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அப்போதுதான் முத்துலிங்கம் சேரின் ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. குடும்பத்தோடு நுவரெலியா போகிறாராம். வினோஜனுடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இவர் ஆர்?" என்று கேட்டார்.

"கார் கழுவுற ஆள் சேர்."

சத்தமாகவும் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை. நாக்கு ஒன்பது வருடம் பழகிய ரோட்டில் தானாகப் போனது. இரண்டடி தள்ளி அப்பாவின் கை கண்ணாடியில் ஒரு கணம் நின்றது. பிறகு வட்டம் வட்டமாகத் துடைத்தது. துடைத்து முடித்து, துணியைத் தோளில் போட்டு, தலையைக் குனிந்து முத்துலிங்கம் சேருக்கு, "சலாங்க தொர" என்றார். சேர் நுவரெலியாவில் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்தியபோது, அப்பாவே வந்து மகனுக்குக் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். அவன் ஏறினான். அப்பா சாத்தினார்.

மூன்று மணித்தியாலம். திரும்பி வரும்போது மழை கொட்டியது. கடையடியில் அப்பா இல்லை. பஸ் கிடைக்காமல் நடந்தே போயிருந்தார். இரவு காய்ச்சலோடு அடுப்படியில் குந்தியிருந்தவர், மகனைக் கண்டதும், நிலக்ஷிக்குக் கேட்காமல், கண்ணைச் சிமிட்டிக் கேட்டார்: "நல்லா நடிச்சேனா?"

சளி நெஞ்சில் இறங்கியது. ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்துக்குள், போய்விட்டார். ஏன் நனைந்தார் என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை.

போன் அடித்தது. வினோஜன் பிரேக்கை மிதித்தான். நிலக்ஷி.

எங்கே நிற்கிறீர்கள், அரிசி ஊறப் போட்டாயிற்று, ஐயர் காலையிலேயே வந்துவிடுவாராம் என்று அவள் ஏதேதோ சொன்னாள். அவள் சொன்னது அவன் காதில் பாதிதான் விழுந்தது. அவனுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"நிலா, காரோட மத்தச் சாவி எங்க? அப்பா வச்சிருந்தது."

"அது அப்பாகிட்டத்தான்ணே இருக்கு."

"என்னா?"

"பெட்டி மூடுறதுக்கு முன்னாடி வெத்தலைப் பொட்டலம், சுருட்டு எல்லாம் வச்சாங்கல்ல. அம்மாக்கண்ணு அக்காதான் சொன்னாங்க, மனுசன் உசிரா வச்சிருந்தத வைக்காம அனுப்பாதீங்கனு. வேட்டி மடிப்புல நான்தான் செருகுனேன்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. பாத்தீங்கனு நெனச்சேன்."

அவன் பக்கத்தில்தான் நின்றான். வாய்க்கரிசிகூடப் போட்டான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே போட்டான்.

"நல்லதுதான் செஞ்ச" என்றான். லைன் இரைந்தது, அறுந்தது.

மண்ணுக்கடியில் ஆறடி. மூன்று அடிக்கு மேல் கேட்காத சாவி. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மனதைத் தேற்றிக்கொள்ளத் தன்னுடைய சாவியைத் தொட்டுப் பார்ப்போம் என்று காற்சட்டைப் பைக்குள் கை விட்டான்.

சேறு.

மற்றப் பை. கைக்குட்டை. சட்டைப் பை. ஒன்றுமில்லை. வாய்க்காலில் வழுக்கி விழுந்தானே. சாவி பாலத்தடியில் கிடக்கிறது. அரை மைல் கீழே, தண்ணிக்குள்.

அப்படியானால் கார் கிளம்பியது எப்படி?

அவனுடைய விரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது. கார் நின்றது. விளக்குகள் அணைந்தன. மூடுபனி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தது. இப்போது மறுபடி அமுக்கினால் கிளம்பக் கூடாது. சாவி இல்லை என்று மஞ்சள் படம் காட்ட வேண்டும், அழ வேண்டும், முரண்டு பிடிக்க வேண்டும். வினோஜன் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கார் கெட்டுப்போக வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டான்.

அமுக்கினான்.

கார் கிளம்பியது. அழவில்லை. விளக்குகள் எரிந்தன. அந்தப் பெண் வழக்கம்போல் இனிமையாக ஏதோ சொன்னாள்.

பின் சீட்டிலிருந்து, மெதுவாக:

"சரிம்மா."

வினோஜன் திரும்பவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது அவனுக்குப் பழக்கம்தான். ஹெட்லைட்டுக்கு நேரே மூன்றாவது பெனரின் இரண்டு கம்புகளும் நின்றன. மயானத்துப் பாதை பிரிகிற முடக்குக்கே வந்திருந்தான். கம்புகள் மட்டும்தான் நின்றன. பெனர் இல்லை. நாலு மூலைக் கயிறும் தொங்கின.

அறுக்கவில்லை. அவிழ்த்திருந்தது.

பின்னால் பொலித்தீன் சரசரத்தது. டிக்கியில் மடித்து வைத்த பொலித்தீன். பிறகு வேறொரு சத்தம். ஈரத்துணி கண்ணாடியில் உரசுகிற சத்தம். கீச். கீச். வட்டம் வட்டமாக. கண்ணின் ஓரத்தில், அவன் பக்கத்துப் பின் கண்ணாடியில், மூச்சுப் படிந்திருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைபட்டது.

உள்ளேயிருந்து.

கதவைத் தள்ளிக்கொண்டு விழுந்தான். எழும்பி ஓடினான். பத்தடி. பனிக்குள் எந்தப் பக்கம் ரோடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியவில்லை. நின்றான். கீழேயிருந்து இரண்டு வெளிச்சம் ஏறி வந்தது. ஜீப். அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடி இறங்கியது. முத்துலிங்கம் சேர்.

நாளைக்கு ரோட்டில் மண் சரியும் என்று இரவு தங்க வந்த நுவரெலியாவில் சொன்னார்களாம், அதுதான் இன்றைக்கே ஒரு எட்டு வந்துவிட்டாராம், இருட்டுவதற்குள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. போன் எடுத்தால் லைன் கிடைக்கவில்லையாம். அவர் பேசிக்கொண்டே இருந்தார். மனிதக் குரல். ஏலக்காய் வாசம். வினோஜன் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். விழாமல் இருக்க.

சேரின் கண் அவனைத் தாண்டிப் போனது.

"அட, அந்த மனிசன். அண்டைக்குத் தலவாக்கலையில கண்ட ஆளெல்லோ. இந்தக் குளிருக்க நிண்டு கண்ணாடி துடைக்கிறார். தெப்பமா நனைஞ்சு போனார், பாவம்." கண்களைச் சுருக்கிப் பார்த்தார். "ஆர் அது, வினோஜன்? சொந்தமா?"

பின்னால் கீச், கீச் நின்றது.

கேட்டுக்கொண்டு நின்றது.

மூன்றே சொல். அது எங்க அப்பா. வாய்க்குள் வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் நின்றது. சொல்லிவிட்டால் இந்த ரோடு முடிந்துவிடும். பெனரைத் திரும்பக் கட்டலாம், லயத்துக்கே சேரைக் கூட்டிப் போகலாம், அம்மாக்கண்ணு பிளேன்டீ போடுவாள். சேர் ஒருவேளை சிரிக்கலாம், ஒருவேளை தோளில் கைகூடப் போடலாம். அவன் வாயைத் திறந்தான்.

"இல்ல சேர். கார் கழுவுற ஆள்தான்."

சேர் பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார். காரைத் தாண்டிப் பார்த்து அந்த மனிதருக்கு ஒரு கை உயர்த்தினார். பதிலுக்கு ஏதோ கிடைத்திருக்க வேண்டும், சேர் சிரித்துக்கொண்டார். "நல்ல மரியாதையான ஆள். வீடு இந்த ரோட்டில நேராத்தானே? நான் மெள்ளப் போறன், நீர் பின்னால வாரும்."

"நேராத்தான் சேர்."

ஜீப் போனது. சிவப்பு விளக்குகள் இரண்டும் ஒன்றாகி, புள்ளியாகி, பனிக்குள் அணைந்தன. மேலே லயத்தில் நிலக்ஷி வாசலுக்கு வருவாள். யாருங்க என்பாள். சுவரில் பெனரிலிருந்த அதே படம் மாலையோடு தொங்கும். அதெல்லாம் இனி நடக்கும். இனி எல்லாம் நடக்கும்.

டிக்.

வினோஜன் திரும்பினான்.

கார் இரண்டு கண்ணாடியையும் விரித்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. பளபளவென்று. ஒரு பொட்டுச் சேறில்லை. முப்பத்திரண்டு வருட வேலை தெரிந்த கை கழுவிய கார். முன் கதவு சாத்தியிருந்தது. பின் கதவு திறந்திருந்தது.

திறந்து பிடித்திருந்தது ஒரு கை. நக இடுக்கெல்லாம் செம்மண். கைக்குப் பின்னால் வேட்டி, சொட்டச் சொட்ட, உடுத்தி அனுப்பிய அதே புது வேட்டி. அதன் மடிப்புக்குள், துணிக்கூடாக, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. தலை குனிந்திருந்தது. துரைக்குக் குனிகிற அளவு. ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உள்ளே மூன்று சுருளும் ஓரமாக அடுக்கியிருந்தன. சீட்டில் பொலித்தீன் விரித்திருந்தது. சுருக்கம் ஒன்றில்லாமல், மூலை நாலும் இழுத்து விட்டு.

வினோஜனின் காற்சட்டையிலிருந்து சேறு சொட்டியது.

கதவைப் பிடித்த கை அசையவில்லை. அவன் ஏறுவதற்காகக் காத்திருந்தது.